வித்துட்டாங்களாம்ல! - ஃபங்க் பேண்டும் சில பழைய பஞ்சாங்கங்களும்

மக்கள்ஸ், ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்த கடுப்பு இது. இன்னைக்கு இறக்கி வெச்சிடறேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ வாங்கிட்டு வந்து உக்காருங்க.

"மாறிட்டான்", "வித்துட்டான்", "முன்ன மாதிரி இல்ல". இந்த மூணே மூணு வார்த்தையை வெச்சுக்கிட்டு நம்மாளுங்க இசை விமர்சனம்னு நாலு பக்கம் எழுதிடறாங்க. எந்த பேண்டைப் பத்திப் பேச்சு எடுத்தாலும் சரி, ஆரம்ப காலத்து ரெண்டு ஆல்பம்தான் சொக்கத் தங்கமாம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் காசுக்கு அடிச்ச ஈயமாம். நமக்குத் தெரிஞ்ச ஒரு பழைய பதிவர் இருக்கார். நல்ல ரசிகர், நல்ல மனுஷன், வயசுல எனக்கு அண்ணன். அவர் அடிக்கடி விடுற தீர்ப்பு இது: "செலப்ரேஷன் பாடின அன்னைக்கே கூல் அண்ட் த கேங் செத்துப்போச்சுப்பா."

அண்ணே, அது சாகல. நீங்கதான் கேக்கறதை நிறுத்திட்டீங்க.

ஃபங்க்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி. 60கள்ல ஜேம்ஸ் பிரவுன் செஞ்ச வேலை அது. பாட்டுல ராகம் நகர்றதை விட தாளம் நகர்றதுதான் முக்கியம்னு திருப்பிப் போட்டார். நாலு அடியில முதல் அடியை அழுத்திப் பிடி, மத்த மூணுலயும் எப்படி வேணா விளையாடு, ஆனா முதல் அடிக்கு வீடு வந்து சேர்ந்துடு. ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் முதலாளி, மத்தவங்க எல்லாம் வேலையாள். இது நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல. ராஜா சார் பாட்டுகள்ல புருஷோத்தமன் ட்ரம்ஸையும் சசிதரன் பேஸையும் ஹெட்ஃபோன்ல தனியா பிரிச்சுக் கேட்டுப் பழகினவனுக்கு ஃபங்க் புரிய அரை மணி நேரம் போதும்.

இப்ப கூல் அண்ட் த கேங் கதைக்கு வருவோம். 1964-ல அமெரிக்காவுல ஜெர்சி சிட்டிங்கற ஊர்ல சில பசங்க சேர்ந்து ஆரம்பிச்ச குழு. பேஸ் வாசிச்ச ராபர்ட் பெல்தான் 'கூல்'. அவர் தம்பி ரொனால்ட் பெல் சாக்ஸஃபோன். (எங்க அம்பத்தூர் எஸ்டேட் ஆரம்பிச்சதும் அதே 1964-தான். சும்மா ஒரு ஒத்துமை, எங்க ஊர்ப் பெருமை.) ஆரம்பத்துல 'ஜாஸியாக்ஸ்'னு பேர் வெச்சு ஜாஸ் வாசிச்சாங்க. அப்புறம் ஃபங்க். 1973-ல 'வைல்ட் அண்ட் பீஸ்ஃபுல்' ஆல்பம். அதுல 'ஜங்கிள் பூகி', 'ஹாலிவுட் ஸ்விங்கிங்', 'ஃபங்கி ஸ்டஃப்'னு மூணு அதிரடி. தனியா ஒரு பாடகர்னு யாரும் கிடையாது. ட்ரம்பெட்டும் சாக்ஸும் முன்னாடி நின்னு கத்தும், குழுவே கூட சேர்ந்து கூவும். நம்ம அண்ணனுக்குப் பிடிச்சது இந்தக் காலம்தான். எனக்கும் பிடிக்கும், அதுல தகராறே இல்ல.

அடுத்து டிஸ்கோ வந்துச்சு. ஃபங்க் பேண்டுகளுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. இவங்களும் டிஸ்கோ பக்கம் ஒரு காலை வெச்சுப் பாத்தாங்க. 'ஓப்பன் செஸமி' பாட்டு 1977-ல வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தோட இசைத்தட்டுல இடம் பிடிச்சுது. ஆனா அவங்க சொந்தத் தட்டுகள் பெருசா போகல. 1978-ல வந்த ஆல்பம் படுத்துக்கிச்சு. ஊர் மாறிடுச்சு, இவங்க சரக்கு விக்கல. இந்த இடத்துல ஒரு குழுவுக்கு மூணே வழிதான். ஒண்ணு, கடையைச் சாத்திட்டு வேற வேலைக்குப் போறது. ரெண்டு, பழைய பாட்டையே வாசிச்சுக்கிட்டு சின்னச் சின்ன மேடையில காலத்தைத் தள்ளறது. மூணு, மாறுறது.

அவங்க மாறினாங்க. 1979-ல ஜே.டி. டெய்லர்னு ஒரு பாடகரைக் குழுவுக்குள்ள கொண்டுவந்தாங்க. பிரேசில்காரர் எயுமிர் டியோடாட்டோவைத் தயாரிப்பாளரா போட்டாங்க. ஊதுற வாத்தியங்கள் பின்னால போச்சு, பாடகர் முன்னால வந்தார். 'லேடீஸ் நைட்' வெளிவந்துச்சு, பெருசா ஓடுச்சு. 1980-ல 'செலப்ரேஷன்'. அது 1981-ல பில்போர்டு பட்டியல்ல முதல் இடத்துக்குப் போச்சு. அவங்க வாழ்க்கையில அந்த இடத்தைப் பிடிச்ச ஒரே பாட்டு அதுதான். இன்னைக்கும் கல்யாண வீடு, பிறந்தநாள், ஆபீஸ் விழான்னு உலகம் பூரா ஓடிக்கிட்டிருக்கு.

இதைத்தான் வித்துட்டாங்கன்னு சொல்றாங்க. சரி, நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். வித்தாங்களே, எதை வித்தாங்க?

1964 காலத்து 7 பேர்ல 6 பேர் 'செலப்ரேஷன்' தட்டுலயும் இருக்காங்க. அதே பெல் சகோதரர்கள், அதே ட்ரம்ஸ் ஜார்ஜ் பிரவுன், அதே கிட்டார் சார்லஸ் ஸ்மித், அதே டென்னிஸ் தாமஸ், அதே ட்ரம்பெட் மிக்கன்ஸ். பதினாறு வருஷம் சேர்ந்து வாசிச்ச கூட்டம், காலம் மாறினப்ப கூட நிக்கிறவன் ஒருத்தனையும் தெருவுல விடாம மொத்தமா அடுத்த கரைக்குப் போயிருக்கு. ஊதறவன் பின்னால போய் நின்னான், ஆனா மேடையை விட்டு இறங்கல. இதுக்குப் பேர் விக்கறதுன்னா, விசுவாசத்துக்கு வேற என்ன பேர்?

மாறாம இருக்கணும்னு கூச்சல் போட்டவங்க அன்னைக்கு என்ன செஞ்சாங்கன்னும் பாத்துடுவோம். 1979 ஜூலை 12, சிகாகோ, கொமிஸ்கி பார்க் மைதானம். 'உன்கிட்ட இருக்கிற டிஸ்கோ தட்டைக் கொண்டா, 98 சென்ட்டுக்கு பேஸ்பால் பாரு'ன்னு விளம்பரம் பண்ணி, கொண்டுவந்த தட்டுகளையெல்லாம் மைதானத்து நடுவுல குவிச்சு வெடி வெச்சுத் தகர்த்தாங்க. கூட்டம் உள்ள புகுந்து ரகளை, அன்னைக்கு ரெண்டாவது ஆட்டமே நடக்கல. அங்க வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பையன் பின்னாடி என்ன சொன்னார் தெரியுமா? வந்த தட்டுகள்ல டிஸ்கோவே இல்லாத ஸோல், ஃபங்க் தட்டுகளும் கிடந்துச்சாம். அதாவது கறுப்பர்கள் பாடினது எல்லாமே வெடிக்குப் போச்சு. 'அசல் இசையைக் காப்பாத்தறோம்'னு கிளம்பற கும்பலுக்குப் பின்னாடி என்ன ஒளிஞ்சிருக்கும்னு இதுக்கு மேல விளக்கணுமா? (இதுல உள்குத்து எதுவும் இல்லீங்க, வெளிக்குத்துதான் :-))

அப்ப மாறின எல்லாருமே நல்லவங்களான்னு கேப்பீங்க. கேக்கணும். நான் அப்படிச் சொல்ல வரல.

'கேமியோ'ன்னு இன்னொரு ஃபங்க் பேண்ட் இருந்துச்சு. நியூயார்க்ல 70கள்ல ஆரம்பிச்சப்ப பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல இருந்த பெரிய குழு. 80கள்ல சிந்தசைஸரும் ட்ரம் மெஷினும் வந்துச்சு. குழு சுருங்கிச் சுருங்கி, லாரி பிளாக்மனைச் சுத்தி மூணு பேர்னு ஆச்சு. 1986-ல 'வேர்ட் அப்' அடிச்சுது பாருங்க, உலகமே ஆடுச்சு. பாட்டு சூப்பர், நானும் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஆனா அந்தப் பாட்டு ஓடும்போது என் மண்டைக்குள்ள ஒரு கணக்கும் சேர்ந்து ஓடும். மிச்சப் பேர் எங்க? ஒரு பெட்டிக்குள்ள அடங்கிட்ட அந்த ட்ரம்பெட்காரர் அன்னைக்கு சாயந்தரம் எங்க போனார்?

இதுதான் என் கட்சி. ஒரு பேண்ட் மாறிச்சான்னு கேக்காதீங்க. மாறினப்ப யாரைக் கூட்டிட்டுப் போச்சு, யாரை விட்டுட்டுப் போச்சுன்னு கேளுங்க. சத்தம் மாறுறது துரோகம் இல்ல. கூட இருந்தவனைக் கழட்டி விடறது வேணா துரோகமா இருக்கலாம். அதுலயும் குற்றவாளி எப்பவும் பேண்ட் லீடர் மட்டும் இல்ல. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

இடையில நம்மாளுங்க கதை ஒண்ணு சொல்லணும். மலேசியாவுல பினாங்கு. 60களோட கடைசியில அங்க ஆரம்பிச்ச குழு 'அல்லிகேட்ஸ்'. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம்னு தமிழ்ச் சகோதரர்கள்தான் அதோட முகம். தலையில இத்தாப்பெரிய ஆஃப்ரோ முடி, அதுதான் அடையாளம். ஆங்கிலப் பாட்டுப் பாடிக் கிளப் கிளப்பா வாசிச்சாங்க, ஹாங்காங் வரைக்கும் போய்ப் பிழைச்சாங்க. 70கள் முடியற நேரத்துல மலாய்ப் பாட்டுக்கு மாறினாங்க. எம். நாசிர் மாதிரி இசையமைப்பாளர்கள் மெட்டுப் போட்டுக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் நடந்தது வரலாறு. 'ஹிங்கா அகிர் நந்தி', 'செஞும்லா கோலாலம்பூர்' எல்லாம் மலேசியாவுல மலாய்க்காரர், சீனர், தமிழர்னு வித்தியாசம் இல்லாம எல்லா வீட்டுலயும் ஓடின பாட்டுகள்.

இவங்களைப் பத்திப் பேசினா நம்ம ஊர் இணையப் புலவர்கள் சிலருக்கு உடனே மூக்குல வேர்க்கும். "தமிழனா பொறந்துட்டு மலாய்ல பாடிப் பேர் வாங்கினவன்தானே?" மயிலாப்பூர்லயும் மடிப்பாக்கத்துலயும் ஏசி போட்டு உக்காந்துக்கிட்டு பினாங்குக்காரனுக்கு மொழிப்பற்று வகுப்பு எடுக்கற சொகுசு இருக்கே, அதுக்கு ஈடே இல்ல. ஐயா, 1969 மே மாசக் கலவரத்தைப் பாத்த நாடு அது. 1971-ல தேசியப் பண்பாட்டு மாநாடு கூட்டி, மலாய்தான் பண்பாட்டோட நடுத்தண்டுன்னு அரசாங்கமே முடிவு பண்ணின நாடு. அந்த நாட்டு மேடையில ஒரு கறுத்த தமிழன், ஆறுமுகங்கற அப்பன் பேரை மறைக்காம, சுருட்டை முடியை வெட்டாம நின்னு, அந்த நாட்டுக்காரனே உருகற மாதிரி அவன் மொழியில பாடினான்னா அது சரணாகதியா? எனக்கு அது வீடு பிடிக்கிற வேலையாத்தான் தெரியுது. 'எனக்கும் இது ஊர்தான்'னு சத்தம் போடாம சொன்ன வேலை.

லோகநாதன் 2007 ஜூன்ல புற்றுநோயால போயிட்டார். அதுக்கப்புறமும் டேவிட் அதே பேரோட மேடை ஏறினார். டத்தோ பட்டமும் வாங்கினார். சகோதரர்களா ஆரம்பிச்சு, ஒருத்தர் மூச்சு நிக்கிற வரைக்கும் சகோதரர்களாவே நின்ன குழு. நான் மேல சொன்ன கேள்வியை இங்கயும் போட்டுப் பாருங்க. மொழி மாறிச்சு, சத்தம் மாறிச்சு, ஆள் மாறல. பாஸ்!

இப்ப நம்ம தெருவுக்கு வாங்க. நான் இருக்கறது மேனாம்பேடு. எஸ்டேட் சங்குச் சத்தத்துல எந்திரிச்சு வளர்ந்தவன். எங்க பக்கத்துல ஆயுத பூஜைன்னா கம்பெனிக்குக் கம்பெனி மெல்லிசைக் கச்சேரி நடந்த காலம் உண்டு. மெஷினுக்கு சந்தனம் குங்குமம் வெச்சு, பொரியும் சுண்டலும் கொடுத்து, சாயந்தரம் ஷெட்டு முன்னாடி மேடை. ஆடி மாசம் வந்தா அம்மன் கோயில் கூழ் ஊத்தற நாள்ல தெருவை அடைச்சு மேடை. ட்ரம்ஸ், தபேலா, டோலக், பாங்கோஸ், ரெண்டு கீபோர்டு, ஃப்ளூட், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், பாடறவங்க நாலு பேர். மேடையில நிக்க இடம் இருக்காது.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார், பேர் வேணாம். பகல்ல லேத் மெஷின், ராத்திரி பேஸ் கிட்டார். கையில கிவ்சன். கிப்சன் இல்லீங்க, கிவ்சன், கல்கத்தா சரக்கு. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டே ராஜா பாட்டோட பேஸ் எல்லாத்தையும் விரல்ல ஏத்தி வெச்சிருந்தார். 1986-ல 'புன்னகை மன்னன்' வந்து ஊரே கம்ப்யூட்டர் இசைன்னு பேசினப்ப, அந்தத் தீம் மியூசிக்கையும் கையாலயே வாசிக்கப் பாத்த ஆள். 1992-ல 'ரோஜா' வந்துச்சு. மேடையில ரஹ்மான் பாட்டு கேட்டாங்க. அந்த சத்தம் ட்ரம்ஸுல வராது. குழு மாறுச்சு, ஆக்டோபேட் வாங்கினாங்க. அப்புறம் கானா கேட்டாங்க, குத்து கேட்டாங்க. எல்லாத்தையும் கத்துக்கிட்டு வாசிச்சாங்க. கத்துக்க மாட்டேன்னு அடம் பிடிச்சவன் அந்தக் குழுவுல ஒருத்தன் கூட இல்ல.

அப்புறம் ஒரு நாள் கீபோர்டுக்காரரோட இடது கையே பேஸ் வாசிக்கும்னு ஆச்சு. அதுக்கும் அடுத்து, ட்ராக் போட்டுப் பாடினா போதும்னு ஆச்சு. அண்ணனோட கிவ்சன் பீரோ மேல ஏறிடுச்சு. குழு லீடரைத் திட்டலாம்னு போனா, அவர் சொன்னது: "தம்பி, போன தடவை கமிட்டி கொடுத்த காசுல பாடறவங்களுக்கும் வண்டிக்குமே சரியாப் போச்சு. பேஸுக்கு நான் எங்க போறது?" ஆனா பாருங்க, அந்த மனுஷன் தபேலா வாசிச்ச பெரியவரை மட்டும் விடல. லேப்டாப்ல ட்ராக் போடற வேலையை அவருக்குக் கத்துக்கொடுத்து இன்னைக்கும் கூட வெச்சிருக்கார். கண்ணாடி போட்டுக்கிட்டு மவுஸைத் தேடற அந்தப் பெரியவரைப் பாத்து நம்ம பசங்க சிரிக்கறாங்க. எனக்கு அங்கதான் கூல் அண்ட் த கேங் தெரியுது.

அதே கோயில் விழாவுல சீரியல் செட்டுக்கும், எல்.இ.டி. திரைக்கும், பட்டாசுக்கும், பேனர்ல இளிக்கிற மூஞ்சிகளுக்கும் காசு இருந்துச்சு. பேஸ் வாசிக்கிறவருக்கு ஒரு ராத்திரிக் கூலி மட்டும் இல்ல. இந்த வெட்டு யார் போட்டது? குழுவா? இல்ல, நாமதான். ரசீது புக்கு வீட்டு வாசலுக்கு வர்றப்ப கதவு பின்னாடி ஒளியற நாமதான். வெட்டையும் போட்டுட்டு, கச்சேரி நடக்கறப்ப முதல் வரிசையில உக்காந்து "என்னப்பா, முன்ன மாதிரி எஃபெக்ட்டே இல்லியே"ன்னும் நாமளே கேப்போம். நல்லா இருக்குல்ல நியாயம்?

"அப்ப எது வேணா செய்யலாமா, தரமே வேணாமா?"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். தரம் வேணும் சாமி. மோசமான பாட்டை மோசம்னு சொல்லுங்க. 1978-ல கூல் அண்ட் த கேங் போட்ட டிஸ்கோ சுமார்னா, சுமார்னே சொல்லுங்க, நானும் ஆமாம்பேன். ஆனா அதை 'மாறினதால மோசம்'னு சொல்லாதீங்க. ஜாஸ்ல இருந்து ஃபங்குக்கு அவங்க வந்ததும் மாற்றம்தானே? உங்களுக்குப் பிடிச்ச 1973-மே ஒரு ஜாஸ் வெறியனுக்குத் துரோகமா தெரிஞ்சிருக்குமே? நீங்க எந்த ஸ்டேஷன்ல ஏறினீங்களோ அதுதான் ரயில் கிளம்பின இடம்னு நினைக்கிறீங்க. அது உங்க வயசுக் கோளாறு, பேண்டோட கோளாறு இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அடிக்க வராதீங்க. தமிழ்மணம் காலத்துல தினம் ஒரு பதிவு போட்ட நாம எல்லாம் இப்ப எங்க இருக்கோம்? பாதிப் பேர் ஃபேஸ்புக்ல நாலு வரி. கொஞ்சப் பேர் ட்விட்டர் போய் அதையும் சுருக்கிட்டாங்க. ரெண்டு பேர் யூட்யூப்ல சட்டினி அரைக்கறாங்க. கூட்டம் போன இடத்துக்கு நாமளும் போனோம். சோறு போடாத எழுத்துக்கே நாம இவ்வளவு மாறுவோம். சோறு போடற வாத்தியத்தை வெச்சிருக்கிறவன் மட்டும் 1973-லயே உறைஞ்சு நிக்கணுமா?

ராபர்ட் பெல்லைத் தவிர அந்த ஆரம்பகால ஆளுங்க எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. சார்லஸ் ஸ்மித் 2006, மிக்கன்ஸ் 2010, ரொனால்ட் பெல் 2020, டென்னிஸ் தாமஸ் 2021, ஜார்ஜ் பிரவுன் 2023. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்காரங்க அந்த பேண்டைக் கூப்பிட்டு மாலை போட்டது எப்ப தெரியுமா? 2024-ல. ஆரம்பிச்சு 60 வருஷம் கழிச்சு. ஜார்ஜ் பிரவுன் போன அடுத்த வருஷம். அசல் எது போலி எதுன்னு தீர்ப்பு சொல்றவங்க எப்பவும் லேட்டாத்தான் வருவாங்க. வாசிக்கிறவனுக்கு அன்னைக்கு ராத்திரியே சாப்பிடணும்.

அதனால, அடுத்த தடவை உங்க தெருவுல விழாக் கமிட்டி கூடறப்ப ஒரு வேலை செய்யுங்க. எல்.இ.டி. திரையில ஒரு பக்கத்தைக் குறைச்சுக்கிட்டு, "பேஸ் கிட்டார், ட்ரம்ஸ் ரெண்டும் ஆள் வெச்சு வாசிக்கணும், அதுக்கான காசு இந்தா"ன்னு சொல்லுங்க. புதுப் பாட்டு வாசிக்கட்டும், குத்து வாசிக்கட்டும், அவங்க இஷ்டம். அதைச் செய்ய முடியலைன்னா, வித்துட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. வாங்க ஆள் இல்லாத கடையில விக்கறதுக்கு என்ன இருக்கு?

டிஸ்கி 1: மேல சொன்ன பதிவர் அண்ணன் இதைப் படிச்சிட்டு ஆட்டோ அனுப்பறதா இருந்தா, மேனாம்பேடு ரோட்டுக் குண்டு குழியை மனசுல வெச்சுக்கிட்டு அனுப்பவும். சேதாரத்துக்கு நான் பொறுப்பில்லை :-)

டிஸ்கி 2: ஃபங்க் கேட்டே பழக்கமில்லாதவங்க 'சம்மர் மேட்னஸ்'ல ஆரம்பிங்க. 1974. அதே கூல் அண்ட் த கேங். ராத்திரி, மொட்டை மாடி, ஹெட்ஃபோன். கரண்ட் இல்லைன்னா இன்னும் விசேஷம்.